கனடா வடக்கில் கைடோடு மூஸ் வேட்டை: அட்வான்ஸ் கட்டுவதற்கு முன் என்ன கேட்க வேண்டும்?

மரவண்டு:

வணக்கம். நானும் இரண்டு நண்பர்களும் அடுத்த வருடம் செப்டம்பர் கடைசியில் மூஸ் (பெரிய கொம்புள்ள ராட்சத மான் வகை) வேட்டைக்குப் போகலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். நாங்கள் இருப்பது டெக்ஸாஸில், நான்கு வருடமாக மானும் காட்டுப்பன்றியும் சுட்டிருக்கிறோம், ஆனால் அதெல்லாம் வண்டியை நிறுத்திவிட்டு அரை மைல் நடந்து பரண் மேல் உட்காரும் வேட்டை. ரோடே இல்லாத இடத்துக்குப் போனது கிடையாது.

கையில் இரண்டு யோசனை இருக்கிறது. ஒன்று யூகான், வைட்ஹார்ஸிலிருந்து சின்ன விமானத்தில் போகும் முகாம், பத்து நாள், தலைக்கு 20,000 அமெரிக்க டாலருக்கு மேல் ஆகும். இன்னொன்று வட ஒன்ராறியோவில் ஏரிக்கரை லாட்ஜ், இதற்கும் மிதவை விமானத்தில்தான் போக வேண்டும், ஏழு நாள், செலவு அதில் பாதி கூட இல்லை. ஒன்ராறியோக்காரர் "எங்களுக்கு 90 சதவீத வெற்றி" என்கிறார், பாதிப் பணத்தை இந்த மாதமே கட்டச் சொல்கிறார், திருப்பித் தர மாட்டாராம். அவருடைய படங்களில் எல்லாம் பிரமாதமான கொம்புகள்.

என் கேள்வி மூன்று. அந்த 90 சதவீதத்தை நம்பலாமா? எங்கள் ரைஃபிள்களைக் கொண்டு போகலாமா (ஒருவர் அமெரிக்கக் குடிமகன், ஒருவர் கிரீன் கார்டு, நான் இன்னும் எச்-1பி வேலை விசா)? அப்புறம், கைடு இல்லாமல் நாங்களே போனால் காசு மிச்சமாகுமே, அது முடியுமா?

வடதிசை:

கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன், அதுதான் சுலபம். முடியாது. யூகானில் வெளிநாட்டுக்காரர்கள் பெரிய விலங்கு வேட்டைக்குப் பதிவு பெற்ற அவுட்ஃபிட்டர் (வேட்டைப் பயணம் நடத்துகிற தொழில்காரர்) வழியாகத்தான் போக வேண்டும். ஒன்ராறியோவிலும் வெளிநாட்டுக்காரருக்கு மூஸ் டேக் (ஒரு விலங்கைச் சுடுவதற்கான அனுமதிச் சீட்டு) கிடைக்கும் வழி சுற்றுலா அவுட்ஃபிட்டர்தான், நெருங்கிய உறவினர் அங்கே இருந்தால் மட்டும் வேறு கணக்கு. சட்டம் இல்லாவிட்டாலும் முதல் தடவை கைடு இல்லாமல் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன், ஏன் என்பது கீழே.

90 சதவீதம். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எதில் 90? போன ஆட்களிலா, போன குழுக்களிலா? ஒன்ராறியோவில் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரே டேக்கில் வேட்டையாடுவது சாதாரண விஷயம். ஒரு மூஸ் விழுந்ததும் அந்தக் குழுவுக்கே வேட்டை முடிந்தது, ஆனால் கணக்கில் மூன்று பேருக்கும் வெற்றி என்று எழுதிக்கொள்வார்கள். பொய் என்று சொல்ல முடியாது, நீங்கள் நினைத்ததும் அது இல்லை. இன்னும் சிலர் சுட வாய்ப்பு கிடைத்ததையே வெற்றி என்று எண்ணுவார்கள், மூஸ் கண்ணில் பட்டாலே போதும் அவர்களுக்கு. டேக் ஆணுக்கா, பசுவுக்கா, கன்றுக்கா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். படத்தில் இருக்கும் கொம்பு ஆண் டேக் உள்ளவனுக்குத்தான்.

என்னைக் கேட்டால் படங்களைத் தள்ளி வைத்துவிட்டு இறைச்சியைப் பற்றிக் கேளுங்கள். வளர்ந்த ஆண் மூஸ் 450, 500 கிலோ சாதாரணமாக இருக்கும், யூகானில் அதற்கும் மேலே. எலும்பு நீக்கிய இறைச்சியே 200 கிலோவைத் தொடும், பின்னங்கால் ஒன்று மட்டும் 50 கிலோவுக்கு மேல் கனக்கும். இதைக் காட்டிலிருந்து ஏரிக்கரைக்கு யார் சுமப்பது, லாட்ஜில் குளிர் அறை இருக்கிறதா, இல்லை வெறும் தொங்கவிடும் கம்பம்தானா, விமானம் எத்தனை நடை வரும், அந்த நடைக்குத் தனிக் காசா? இதற்கெல்லாம் மடமடவென்று பதில் சொல்கிற ஆள் உண்மையிலேயே விலங்கு விழுகிற இடத்தில் தொழில் செய்கிறான். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். சாப்பிடக்கூடிய இறைச்சியை வீணாக்குவது யூகானிலும் சரி ஒன்ராறியோவிலும் சரி குற்றம், கொம்பை மட்டும் எடுத்துக்கொண்டு வருவது நடக்காது.

செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம் நல்ல தேர்வு. இணைகூடும் காலம், கூப்பிட்டால் ஆண் வரும். ஆனால் அதே நாட்களில் பகலில் வெயிலும் அடிக்கலாம். மூஸின் தோலும் ரோமமும் கம்பளி மாதிரி சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், இடுப்பு மூட்டைச் சுற்றியுள்ள கறிதான் முதலில் கெடும். உடனே தோலை உரித்து, துண்டாக்கி, காற்றோடும் துணிப் பையில் தொங்கவிட வேண்டும். பிளாஸ்டிக் பை வேண்டவே வேண்டாம்.

இரட்டைக்குழல்:

துப்பாக்கி விஷயம் நான் சொல்கிறேன், இந்தக் காகித வேலையில் நிறைய அல்லாடியவன்.

உங்கள் குடிமகன் நண்பருக்குப் பிரச்சினை இல்லை. கனடா எல்லையில் ஆர்சிஎம்பி (கனடா மத்திய போலீஸ்) 5589 என்ற படிவம், 25 கனடிய டாலர், 60 நாள் செல்லும். வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு போகலாம், ஆனால் கையெழுத்து மட்டும் போடாதீர்கள், அதிகாரி கண் முன்னால்தான் போட வேண்டும். அமெரிக்காவை விட்டுக் கிளம்பும் முன் சுங்கத்தில் 4457 படிவத்தில் ரைஃபிளின் எண்ணைப் பதிந்துகொண்டால் திரும்பி வரும்போது "எங்கே வாங்கினாய்" என்ற கேள்வி வராது. ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுத்து ஏற்றுகிற சாதாரண போல்ட் ஆக்‌ஷன் வேட்டை ரைஃபிள் என்றால் ஒரு தொல்லையும் கிடையாது. கரடிக்குப் பாதுகாப்பு என்று கைத்துப்பாக்கியை எடுத்துப் போகிற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஏஆர்-15 மாதிரி ராணுவ பாணி ரைஃபிள் ரகமெல்லாம் 2020 மே மாதமே தடை செய்யப்பட்டுவிட்டது. கிரீன் கார்டு நண்பருக்கும் ஏறக்குறைய இதே வழிதான்.

எச்-1பி, அதாவது நீங்கள், வேறு கதை. குடியேறாத விசாவில் இருப்பவர் அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பதே செல்லுபடியாகும் வேட்டை உரிமம் என்ற விதிவிலக்கின் மேல்தான் நிற்கிறது. அந்த உரிமம் ஒரு நாள் கூடக் காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் வாங்கிய ரைஃபிளை நீங்கள் வெளியே கொண்டுபோவதற்கு ஏற்றுமதி விதி குறுக்கே வரும், திரும்பக் கொண்டுவர முன்கூட்டியே ஏடிஎஃப் (அமெரிக்கத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுத் துறை) 6என்ஐஏ அனுமதி வாங்க வேண்டும். ஒரு வார வேட்டைக்கு இந்தத் தலைவலி தேவையே இல்லை. லாட்ஜில் ரைஃபிள் வாடகைக்குக் கேளுங்கள். உரிமம் உள்ள கைடு பக்கத்திலேயே இருந்து நேரடியாக மேற்பார்வை செய்தால் நீங்கள் தனி உரிமம் இல்லாமலே அந்த ரைஃபிளைப் பயன்படுத்தலாம், தனியாக வைத்திருக்க வேண்டுமென்றால் 60 நாளுக்கான இரவல் உரிமம் என்று ஒன்று இருக்கிறது. போன உடனே அந்த ரைஃபிளை இலக்கு வைத்துச் சுட்டுப் பார்க்க அரை மணி நேரம் தருவார்களா என்று மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தியக் கடவுச்சீட்டு என்றால் கனடா விசாவும் வேண்டும், மறந்துவிடாதீர்கள். வேட்டைக்கு எல்லாம் தயார் செய்து கடைசியில் விசா வராமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சும்மா வந்தவன்:

எதற்கு இவ்வளவு காசு கொடுத்து ஒரு அப்பாவி விலங்கைக் கொல்ல வேண்டும்? கேமராவை எடுத்துக்கொண்டு போங்கள், மூஸும் பிழைக்கும், 200 கிலோவைச் சுமக்கிற வேலையும் இருக்காது.

வடதிசை:

சுமக்கிற வேலை பற்றி நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி :) மற்றபடி டேக் எண்ணிக்கையை அந்தந்தப் பகுதியின் அரசுதான் முடிவு செய்கிறது. எண்ணிக்கை விழுந்தால் மூடியும் விடுவார்கள். கியூபெக் வடக்கில் ஜார்ஜ் நதி கரிபூ (காட்டுப் பனிமான்) மந்தைக்கு 2012இல் விளையாட்டு வேட்டையை நிறுத்தினார்கள், 2018இல் லீஃப் நதி மந்தைக்கும். அதை நம்பி நடந்த லாட்ஜுகள் எத்தனையோ இழுத்து மூடப்பட்டன. வேட்டையே பிடிக்கவில்லை என்றால் அது வேறு விவாதம், இங்கே வேண்டாமே.

அரைக்கிழம்:

தம்பி, நான் இதுவரை நான்கு முறை போயிருக்கிறேன், இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பினேன். எல்லோரும் கொம்பைப் பற்றியே பேசுவதால் நான் வானிலையைப் பற்றிச் சொல்கிறேன்.

என் முதல் பயணத்தில் ஏரியில் விமானம் ஏறுகிற ஊருக்குச் சரியான நாளில் போய்ச் சேர்ந்தோம். மூடுபனி. மிதவை விமானம் கண்ணுக்கு வழி தெரிந்தால்தான் பறக்கும். இரண்டு நாள் மோட்டலில் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தோம், ஏழு நாள் வேட்டை ஐந்து நாளானது, அந்த அவுட்ஃபிட்டர் ஒரு டாலர் திருப்பித் தரவில்லை, ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது, நான்தான் படிக்கவில்லை. அதோடு போகட்டும் என்றால் திரும்பும்போதும் ஒரு நாள் காற்று, ஊருக்குப் போகும் விமானத்தை விட்டு புது டிக்கெட் எடுத்தேன். முன்னால் ஒரு நாள், பின்னால் இரண்டு நாள் சும்மா விட்டு வையுங்கள். வானிலையால் போன நாளுக்கு என்ன செய்வார்கள் என்ற வரி ஒப்பந்தத்தில் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துப் பாருங்கள்.

எடையும் அப்படித்தான். எனக்குத் தலைக்கு 60 பவுண்டு என்றார்கள், ரைஃபிளும் அதில் சேர்த்தி. பீவர் என்ற சின்ன மிதவை விமானம் 1947இல் முதலில் பறந்த வடிவம், இன்றும் அந்த ஏரிகளில் அதுதான் லாரி மாதிரி ஓடுகிறது, ஆனால் சக்கரம் வைத்த பெரிய பெட்டிக்கு அதில் இடமே கிடையாது. மடங்குகிற துணிப் பை, ரைஃபிளுக்கு மெத்தை உறை. கடினப் பெட்டியைக் கரையில் விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கும், அதற்குப் பூட்டுள்ள இடம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கைடு எதற்கு என்று கேட்டீர்களே. என் இரண்டாவது பயணம், ஐந்தாம் நாள் விடியற்காலை. எங்கள் கைடு ஓஜிப்வே பழங்குடிக்காரர், பிர்ச் மரப்பட்டைச் சுருளை வைத்துப் பசு மூஸ் மாதிரி ஒரு முனகல், அப்புறம் இருபது நிமிடம் ஒன்றுமே இல்லை, எனக்குக் கால் மரத்துப் போனது. பிறகு எதிர்க்கரையில் குச்சி முறிகிற சத்தம். ஒரு பெரிய ஆண் அப்படியே இறங்கி வயிறு வரை தண்ணீரில் நின்றது, 80 கெஜம் கூட இருக்காது. நான் குறி பார்த்துவிட்டேன். கைடு ஒன்றும் பேசாமல் என் துப்பாக்கிக் குழலின் மேல் கையை வைத்து அழுத்தினார். தண்ணீரில் விழுந்த 500 கிலோவை வெளியே இழுக்க மூன்று பேரால் முடியாது, பாதிக் கறி கெட்டுவிடும், அது எனக்கு அப்போது தெரியாது. அது கரையேறும் வரை காத்திருந்தோம். ஏறவில்லை. நீந்தி வளைவுக்குப் பின்னால் போய்விட்டது, அத்தோடு சரி. அன்று அவர் மேல் எனக்குக் கோபம், இன்று யார் கேட்டாலும் அவர் பெயரைத்தான் சொல்கிறேன்.

சின்ன விஷயங்கள்: ஒன்ராறியோவில் துப்பாக்கி சீசனில் ஆரஞ்சு நிற மேலாடை 400 சதுர அங்குலத்துக்குக் குறையாமல் வேண்டும், ஆரஞ்சுத் தொப்பியும் வேண்டும், விலை உயர்ந்த இலை நிறச் சட்டை எல்லாம் அதற்கு அடியில்தான். மோட்டார் படகில் போகும்போது துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. கைடுக்கு டிப்ஸ் ரொக்கமாக, அது லாட்ஜ் கட்டணத்தில் சேராது, சமையல்காரரையும் நினைவில் வையுங்கள்.

மரவண்டு:

மிக்க நன்றி எல்லோருக்கும். அரைக்கிழம் அண்ணா, அந்தத் தண்ணீர்க் கதையைப் படித்துவிட்டு நண்பர்களுக்கு அனுப்பினேன், ஒருவன் "நான் சுட்டிருப்பேன்" என்கிறான், அவனைத்தான் முதலில் கைடிடம் ஒப்படைக்க வேண்டும்.

ஒன்ராறியோக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன். 90 சதவீதம் குழுக் கணக்குதானாம். மூவருக்கும் சேர்த்து ஒரு ஆண் டேக். குளிர் அறை உண்டு, இறைச்சியைக் கொண்டுவர முதல் நடை இலவசம், அடுத்ததற்குக் காசு. மழுப்பாமல் சொன்னார், அதனால் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. கூடவே கருங்கரடி டேக்கும் எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். எடுக்கலாமா?

இரட்டைக்குழல்:

எடுக்கலாம், ஆனால் கருங்கரடி சைட்டிஸ் (காட்டு உயிர் வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் இருக்கிறது, அமெரிக்காவுக்குள் கொண்டுவர என்ன காகிதம் வேண்டும் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், மூஸ் அந்தப் பட்டியலில் இல்லை. இன்னொன்று, கரடிக் கறியைப் பாதி வேக வைத்துச் சாப்பிடாதீர்கள். 2022இல் வட சஸ்காச்சுவானில் சுட்ட கரடியைத் தெற்கு டகோட்டாவில் ஒரு குடும்பம் கபாப் செய்து சாப்பிட்டு ஆறு பேருக்கு டிரைக்கினெல்லா புழு நோய் வந்தது, 45 நாள் உறைய வைத்திருந்த கறி அது. வடக்குப் பகுதியில் இருக்கும் அந்த வகைப் புழு உறைபனியில் சாகாது. அந்த ஆறு பேரில் இரண்டு பேர் கறியைத் தொடவே இல்லை, கூட வெந்த காய்கறியை மட்டும் சாப்பிட்டவர்கள். உள்ளே 74 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும், கறி நிறத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது, அது முதலிலிருந்தே கறுப்பாகத்தான் இருக்கும்.

வடதிசை:

முதல் பயணத்தில் ஒரு விலங்கு போதும். ஒரே டேக் என்றால் யார் முதலில் சுடுவது என்பதை இங்கேயே சீட்டுப் போட்டு முடிவு செய்துகொண்டு போங்கள், அங்கே போய்ப் பேசினால் நட்பு போய்விடும். காயப்பட்டு ஓடிப்போன மூஸும் டேக் முடிந்ததாகக் கணக்கா என்பதை அவரிடம் கேட்டுவிடுங்கள், பல லாட்ஜுகளில் ரத்தம் சிந்தினாலே வேட்டை முடிந்தது. அதனால் இப்போதிருந்தே பரணை மறந்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, முழங்காலில் முட்டுக் கொடுத்து, கனத்த கோட்டைப் போட்டுக்கொண்டு 100 கெஜத்தில் சுட்டுப் பழகுங்கள். டெக்ஸாஸ் வெயிலில் கோட்டோடா என்று பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.