பைட்டோஅலெக்சின்: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

நண்பர்களே, பதினொன்றாம் வகுப்புக்குத் தாவர நோய்க் கையேடு ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, பைட்டோஅலெக்சினுக்குத் தமிழ்ச் சொல் கிடைக்காமல் மாட்டிக்கொண்டேன். 1940இல் முல்லர், போர்கர் என்ற ஆய்வாளர்கள் உருளைக்கிழங்கை வெட்டி, அந்த இரகத்தைத் தாக்க முடியாத பூசண வகையை முதலில் தடவினார்கள். பிறகு தாக்கவல்ல வகையைத் தடவினால் அதுவும் அங்கே வளரவில்லை. பைட்டோஅலெக்சின் என்பது இதுதான்: கிருமி தொட்ட பிறகு, தொட்ட இடத்திலேயே செடி புதிதாகச் சுரக்கிற பொருள். 'தாவர எதிர்ப்பொருள்' என்று போட்டேன். நம் இரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் ஆன்டிபாடிக்கும் அதுதானே என்று சக ஆசிரியர் அடித்துவிட்டார்.
– க.

பயிர்க்காப்பான்? கேட்டதும் புரியும்.
– மு.

> பயிர்க்காப்பான்
உரக்கடை மருந்து என்று நினைப்பார்கள். கிரேக்கத்தில் பைட்டான் செடி, அலெக்சீன் தடுத்துக் காத்தல். பழைய போர்ப்பாட்டில் எயிலை, அதாவது கோட்டை மதிலைக் காப்பது நமக்கு நொச்சித் திணை. காப்பவன் சூடுவதும் ஒரு செடியின் பூதான். 'நொச்சியம்' என்போம்!
– தி.

தொல்காப்பியத்தில் நொச்சி தனித்திணையே இல்லை ஐயா. மதில் முற்றுகைத் திணையான உழிஞைக்குள் 'அகத்தோன் (மதிலுக்குள் இருப்பவன்) வீழ்ந்த நொச்சி' என்று ஒரு துறை, அவ்வளவே. 'வீழ்ந்த' என்பதற்கு உரையில் 'விரும்பிய' என்று பொருள், ஆனாலும் கேட்பவருக்குக் காப்பவன் விழுந்தது போலத்தான் ஒலிக்கும்.
– ச.

திணை இருக்கட்டும். எங்கள் பிள்ளைகளுக்கு நொச்சி என்றால் கொசுப்புகை, சளிக்கு ஆவி. நொச்சி இலையில் எடுத்த சாறு என்றுதான் பரீட்சையில் எழுதுவார்கள். பைட்டோஅலெக்சின்களில் 1960இல் பிரித்தெடுத்த பிசாட்டின் பட்டாணியுடையது, காப்சிடியால் மிளகாயுடையது. அதையெல்லாம் நொச்சியில் எப்படி அடக்க?
– க.

காப்பு என்று மட்டும் சொன்னாலும் போதாது. சிவப்பு வெங்காயத்தின் காய்ந்த தோலில் கேட்டகால் என்ற பூசணத்தடுப்புப் பொருள் முன்பே இருக்கிறது, அதனால்தான் வெள்ளை வெங்காயத்தில் கரும்புள்ளி போடும் பூசணம் அதை அவ்வளவாகப் பிடிப்பதில்லை. வள்ளுவர் சொன்ன வருமுன் காத்தல் அது. பைட்டோஅலெக்சினோ வந்தபின் காப்பது. ஆகவே 'பின்காப்பி'.
– ச.

எனக்குச் சர்க்கரை குறைவாக.
– மு.

சரி, 'தொற்றுச்சுரப்பு'? தொற்றினால் சுரப்பது.
– க.

பரவாயில்லை, போடுங்கள்.
– மு.

என் ஓட்டும் அதற்கே, அரைமனதாக.
– ச.

செடிக்கு நம்மைப் போலச் சுரப்பி ஏது? செல்லுக்குள் உண்டாவதைச் சுரப்பு என்பது எந்த ஊர் இலக்கணம்?
– தி.

பலாவை வெட்டினால் பால் சுரக்கிறதே ஐயா. 'தொற்றுச்சுரப்பு' என்று போட்டு, பக்கத்திலேயே பைட்டோஅலெக்சினையும் போட்டு அனுப்பியாயிற்று.
– க.

அகத்தோன் இன்னும் வீழவில்லை. மறுபதிப்பு வரட்டும்.
– தி.