பழைய போனுக்குத் தனி 'லைட்' பதிப்பு தேவையா?

வடலி:
யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் மருத்துவ நிலையத்துக்கு, நம்பர் (டொக்டரைப் பார்க்கும் வரிசை எண்) எடுக்கும் செயலி செய்கிறோம். குழுவில் இரண்டே பேர். டொக்டரைத் தெரிவுசெய்து, நாளைச் சொல்லி, நம்பர் எடுப்பதுதான் வேலை. வருகிறவர்களில் பலரிடம் 2 ஜிபி ரேம் போன்தான் இருக்கிறது. இப்போதுள்ள செயலியை அப்படியே விட்டுவிட்டு, அவர்களுக்குத் தனியாக ஒரு லைட் பதிப்பு, அதாவது வசதி குறைத்த சின்னப் பதிப்பு, போடலாம் என்று நினைக்கிறேன். பேஸ்புக் 2015இல் அப்படித்தான் செய்தது. என்ன சொல்கிறீர்கள்?

கல்லுண்டாய்:
வேண்டாம் தம்பி. பேஸ்புக்கிடம் ஆள் பலம் இருக்கிறது. நீங்கள் இரண்டு பேர். ஆறு மாதத்தில் பெரிய பதிப்புக்குப் புது வசதி வரும், லைட் கவனிப்பாரற்றுக் கிடக்கும். அதோடு, யாருக்கு லைட் என்று எப்படிப் பிரிப்பீர்கள்? என்னுடையது நல்ல போன்தான். குறிகாட்டுவானில் நெடுந்தீவுப் படகு ஏறிக் கொஞ்ச நேரத்தில் சிக்னல் ஒரு கோடாகி, பிறகு அதுவும் போய்விடும். அந்த நேரம் நான் எந்தப் பதிப்புக்காரன்?

மணற்காடு:
நான் வடலியின் பக்கம். கூகுளே 2017இல் குறைந்த ரேம் போன்களுக்கென்று அண்ட்ராய்ட் கோ என ஒன்றைத் தனியாக அறிவித்தது. தேவை இல்லாமலா செய்தார்கள்? இன்னொன்று, இது மருத்துவ விஷயம். டொக்டரின் படம், வரைபடம் எல்லாம் இருந்தால்தான் சனம் நம்பும். மொட்டையாக நாலு வரி போட்டால் ஏதோ ஏமாற்று வேலை என்று நினைப்பார்கள். 4ஜி எல்லா இடமும் வந்துகொண்டிருக்கிறது, போன்களும் மாறும். குறைந்ததை அளவுகோலாக வைத்து எல்லாரையும் ஏன் கட்டிப்போட வேண்டும்?

கல்லுண்டாய்:
போன் மாறும் என்கிறீர்கள். 2022இல் ஒரு டொலர் 200 ரூபா அளவிலிருந்து 360 தாண்டிப் போனது. அதற்குப் பிறகு என் சித்தி புதுப் போன் வாங்கவில்லை. கண்ணாடி வெடித்த அதே போனை டேப் ஒட்டிப் பாவிக்கிறார்.

4ஜி பற்றியும் சொல்லவேண்டும். வேகம் இருந்தாலும், சிக்னல் பலவீனமான இடத்தில் போனின் கேள்வி சேர்வருக்குப் போய்ப் பதில் வர ஒவ்வொரு தடவையும் நேரம் எடுக்கும். முகவரியைக் கேட்க ஒரு தடவை, இணைப்பு எடுக்க ஒன்று, இணைப்பைப் பூட்டிப் பாதுகாக்கும் 'கைகுலுக்கலுக்கு' ஒன்று, பக்கத்தைக் கேட்க ஒன்று. ஒரு தடவைக்கு அரைச் செக்கன் என்றால் முதல் எழுத்து வரமுன்பே 2 செக்கன் வெள்ளைத் திரை. அந்த முதல் வருகையிலும் சுமார் 14 கிலோபைட் அளவுதான் பொதுவாக வந்துசேரும். டொக்டர் பெயர்களும் நம்பர் எடுக்கும் பட்டனும் அதற்குள் அடங்கட்டும். படங்கள் பிறகு வரட்டும், நான் படமே வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆனால் ஜாவாஸ்கிரிப்டை, அதாவது பக்கத்தோடு வந்து போனில் ஓடும் நிரலை, குறையுங்கள். 100 கிலோபைட் படமும் 100 கிலோபைட் ஜாவாஸ்கிரிப்டும் ஒன்றல்ல. படத்தைக் காட்டிவிட்டால் வேலை முடிந்தது. மற்றதைப் பிரித்து வாசித்து ஓட்டிமுடிக்கும்வரை மலிவான போன் அப்படியே நின்றுவிடும்.

சின்னக்கடை:
எனக்கு உங்கள் தொழில்நுட்பம் தெரியாது. போன மாதம் வட்டுக்கோட்டையில் அம்மா இப்படி ஒரு செயலியில் நம்பர் எடுத்தார். எது என்று சொல்ல விரும்பவில்லை. பட்டனை அழுத்தினார், ஒன்றும் நடக்கவில்லை. திரும்ப அழுத்தினார். வாசலுக்கு வந்து போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு மூன்றாம் தரமும் அழுத்தினார். போய்ப் பார்த்தால் அம்மா பெயரில் மூன்று நம்பர், மூன்றுக்கும் காசு. "நான்தான் பிழையாக அமத்திப்போட்டன்" என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

வடலி:
அக்கா, அது எங்கள் ஆட்களின் பிழை, அம்மாவின் பிழை இல்லை. ஒருமுறை அழுத்தியதும் பட்டனைச் செயலிழக்கச் செய்தால் சரிதானே?

கல்லுண்டாய்:
போதாது. செயலியை மூடித் திறந்தால் பட்டன் திரும்ப உயிர்பெறும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் போனிலேயே ஓர் அடையாள எண் கொடுங்கள். அதே எண் திரும்ப வந்தால் சேர்வர் புது நம்பர் கொடுக்காமல் பழையதையே காட்டவேண்டும். நிரப்பிய விபரம் போனில் சேமிப்பாகட்டும். அதோடு திரையில் சொல்லுங்கள்: "அனுப்பிக்கொண்டிருக்கிறோம். நம்பர் இன்னும் கிடைக்கவில்லை. திரும்ப அழுத்தத் தேவையில்லை." சுழலும் வட்டத்தை மட்டும் காட்டினால் அம்மாவுக்கு என்ன விளங்கும்?

மணற்காடு:
இதை ஒத்துக்கொள்கிறேன். எந்தப் பதிப்பாக இருந்தாலும் இது வேண்டும். நம்பர் கிடைத்ததும் எஸ்எம்எஸ்சும் வரட்டும். ஆனால் ஆங்கில எழுத்தில் அனுப்புங்கள். தமிழ் என்றால் ஒரு செய்திக்கு 70 இடம்தான், ஆங்கிலத்துக்கு 160. செலவு கூடும்.

சின்னக்கடை:
அம்மாவுக்கு ஆங்கில எழுத்து வாசிக்க வராது.

கல்லுண்டாய்:
"நம்பர் 14. செவ்வாய் மாலை 5.30." எண்ணிப் பார்த்தேன், புள்ளி, கொம்பு, இடைவெளி எல்லாம் சேர்த்து 30 இடம். 70க்குள் டொக்டர் பெயரும் அடங்கும். வாழ்த்தும் நன்றியும் எழுதப்போனால்தான் இடம் போதாது.

நம்பரை ஒரு படமாகவும் போனில் சேமித்துக் கொடுங்கள். 2022 யூலையில் எரிபொருளுக்கு கியூஆர் வந்தபோது, சனம் அதை அச்செடுத்து, லமினேட் பண்ணிக் கொண்டுதிரிந்தது ஞாபகம் இருக்கும். டேட்டா இல்லை, போனில் சார்ஜ் இல்லை என்றாலும் ஷெட்டில் எண்ணெய் அடிக்க முடிந்தது.

தமிழ் என்றதும் இன்னொன்று. உங்கள் மாதிரித் திரையில் "உறுதிப்படுத்தவும்" என்பது "உறுதிப்ப…" என்று வெட்டுப்பட்டு நிற்கிறது. "நம்பர் எடு" என்று போடுங்கள். எழுத்துருவையும் தரவிறக்க வேண்டாம், போனில் உள்ள தமிழ் எழுத்துருவே போதும். டொக்டர் படங்களுக்கு உயரத்தை முன்கூட்டியே ஒதுக்குங்கள். படம் பிந்தி வந்து பட்டியலைக் கீழே தள்ளினால், கண் டொக்டருக்குப் போகவேண்டியவர் பல் டொக்டரை அழுத்திவிடுவார்.

மணற்காடு:
வரைபடத்தை மட்டும் விடமாட்டேன். வன்னியில் இருந்து வருகிறவர் எப்படி இடம் கண்டுபிடிப்பார்?

கல்லுண்டாய்:
ஆஸ்பத்திரி வீதியில் எதற்கு எதிரே என்று ஒரு வரி எழுதினால் ஓட்டோக்காரரிடம் காட்டலாமே.

மணற்காடு:
அந்த வரியும் வேண்டும், வரைபடமும் வேண்டும். சொந்த வாகனத்தில் வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

வடலி:
வரைபடம் இருக்கும். அழுத்தினால் மட்டும் திறக்கும்படி வைக்கிறேன். லைட் பதிப்பு வேலையை நிறுத்திவிட்டு முதலில் அந்த அடையாள எண்ணைச் செய்கிறேன். கல்லுண்டாய் அண்ணா, சனிக்கிழமை குறிகாட்டுவானுக்கு வருகிறேன். சித்தியின் போனை ஒரு மணித்தியாலம் தருவாரா என்று கேளுங்கள்.