2015 ஆல்பர்ட்டா தேர்தல்: 44 வருட ஆட்சி எப்படிக் கவிழ்ந்தது?

கால்கரி_புதியவன்: 1971 முதல் ஆண்ட முற்போக்குக் கன்சர்வேடிவ் கட்சி, கனடாவின் இந்த எண்ணெய் மாகாணத்தில் இடதுசாரிக் கட்சியான என்டிபியிடம் (புதிய ஜனநாயகக் கட்சி) எப்படித் தோற்றது? வலதுசாரி ஓட்டு பிரிந்ததுதான் காரணமா?

எட்மன்டன்வாசி: அதுவும் ஒரு காரணம். என்டிபிக்குச் சுமார் 41 சதவீத ஓட்டு, 87-இல் 54 இடங்கள். கன்சர்வேடிவுக்கு 28, இன்னொரு வலதுசாரிக் கட்சியான வைல்ட்ரோஸுக்கு 24 சதவீதம். ஆனால் அந்தக் கணக்கை மட்டும் சொன்னால் மக்களின் கோபம் மறைந்துவிடும். எண்ணெய் விலை விழுந்ததும் கன்சர்வேடிவ் முதல்வர் பிரென்டிஸ் பட்ஜெட்டில் சாதாரண ஜனங்களின் வரியையும் கட்டணங்களையும் ஏற்றினார், கார்ப்பரேட் வரியைத் தொடவே இல்லை. அப்புறம் ஒரு வருடம் முன்னதாகவே தேர்தலை அறிவித்தார். எங்கள் தெருவில் காலமெல்லாம் கன்சர்வேடிவுக்குப் போட்டவர்களே வாசலில் என்டிபியின் ஆரஞ்சுப் பலகை நட்டார்கள். எட்மன்டன் தொகுதிகள் அத்தனையும் என்டிபி தலைவி நாட்லி பக்கம் போயின. அதை ஓட்டுப் பிரிவு என்று ஒதுக்குவதை நான் ஏற்க மாட்டேன்.

பனிக்காற்று: வைல்ட்ரோஸ் தலைவி டேனியல் ஸ்மித்தே 2014 டிசம்பரில் ஆளுங்கட்சிக்குத் தாவினாரே, அதையும் சேருங்கள். எங்கள் ஊரில் இரண்டு பக்கமும் கசந்துபோனது.

கால்கரி_புதியவன்: சரி, 2019-இல் என்டிபி தோற்றது?

எட்மன்டன்வாசி: 2017-இல் கன்சர்வேடிவும் வைல்ட்ரோஸும் இணைந்துவிட்டன, வலதுசாரி ஓட்டு பிரியவில்லை. அங்கே உங்கள் கணக்கு பொருந்தும்.