நேபாளத்துக்கு மிசன் ட்ரிப், 12 நாள், தலைக்கு 2 இலட்சத்து 40 ஆயிரம். போறதோ விடுறதோ?

உடுவில்_தங்கச்சி
வணக்கம் எல்லாருக்கும், கன நாளா வாசிக்கிறதோட நிண்டனான், இண்டைக்குத்தான் முதல்முறை எழுதுறன். எங்கட சேர்ச் வாலிபர் சங்கத்தால ஒக்ரோபரில நேபாளத்துக்கு ஒரு குறூப் போகுது, 12 பேர், 12 நாள். தலைக்கு 2 இலட்சத்து 40 ஆயிரம், அரைவாசி நாங்கள் கட்டோணும், மிச்சம் ரோல்ஸ் வித்தும் வெளிநாட்டுச் சொந்தக்காரரைக் கேட்டும் சேர்க்கிறதாம். புறோக்ராம் தாளில இருக்கிறது: காத்மண்டுவில ஒரு சிறுவர் இல்லத்தில 4 நாள், கிராமத்தில வீடு வீடாச் சந்திப்பு 3 நாள், ஒரு நாள் மெடிக்கல் காம்ப், ஞாயிறு காலமை அங்கத்தைய சேர்ச்சில பாட்டும் பொம்மலாட்டமும், மிச்சம் பிரயாணமும் சுத்திப் பாக்கிறதும்.

நான் செயற்கைக் கால் செய்யிற இடத்தில ரெக்னீசியன், 4 வருசமாச்சு. என்னைப் போட்டிருக்கிறது பொம்மலாட்ட ரீமில, முயல் நான். அம்மா போ எண்டுறா, அண்ணை உனக்கு விசரோ எண்டுறான். வேதக்காரர் இல்லாத ஆக்களும் சொல்லலாம், கோவிக்க மாட்டன்.

கொக்குவில்_சந்தி
தங்கச்சி, 12 பேருக்கும் சேர்த்துப் பாத்தா 28 இலட்சத்து 80 ஆயிரம். அவ்வளவு காசைக் குடுத்து அங்க போய் முயல் பொம்மையை ஆட்டுறதுக்கு நேபாளத்தில பொம்மை ஆட்ட ஒருத்தரும் இல்லையோ? அந்தக் காசுக்கு அங்க ஒரு வாத்தியாருக்கு எத்தினை வருசச் சம்பளம் வரும் எண்டு அந்த ஊர்ப் பாஸ்டரையே ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ. இது சுற்றுலாதான், ரீசேட்டில ஒரு வசனம் அடிச்சிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஊழியக்காரன்
அண்ணை, அந்த 28 இலட்சம் பெட்டியில கிடக்கிற காசில்லை. பிள்ளை போறாள் எண்டால்தான் கனடாப் பெரியம்மா அனுப்புவா, நேபாளத்து வாத்தியாருக்குச் சம்பளம் எண்டு கேட்டா லைன் கட் ஆயிடும். அதோட இன்னொண்டு. 2004 சுனாமி, 2009 யுத்தம், அதுக்குப் பிறகு 2022 பெற்றோல் லைன், எங்கட பெடியள் பிறந்ததில இருந்து கை நீட்டித்தான் பழக்கம். நிவாரணம், தறப்பாள், வெளிநாட்டுக் காசு. ஒருநாளாவது நாங்கள் குடுக்கிற பக்கம் நிண்டு பாக்கட்டுமே, அதுக்கும் கணக்குப் பாத்துத் தடுக்கிறியள்.

1816இல அமெரிக்காக்காரர் தெல்லிப்பழைக்கும் வட்டுக்கோட்டைக்கும் வந்தவை. 1823இல வட்டுக்கோட்டை செமினறி, அடுத்த வருசம் உடுவிலில பெண்பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம். உங்களை மாதிரிக் கணக்குப் பாத்திருந்தா அவை பொஸ்டனிலயே இருந்திருப்பினம்.

வட்டு_மாஸ்டர்
தம்பி, அவை வந்தது 12 நாளுக்கோ? அதே அமெரிக்க மிசன்ர டொக்டர் கிறீன் 1847இல வந்தவர், இடையில சில வருசம் ஊருக்குப் போனதைத் தவிர 1873 மட்டும் இஞ்சதான். மானிப்பாயில இருந்து தமிழ் படிச்சு, 60க்கு மேல எங்கட பெடியளை டொக்டராக்கினவர், அதுவும் தமிழிலயே படிப்பிச்சு. பிரசவ வைத்தியம், ரண வைத்தியம் எல்லாம் தமிழில புத்தகமாக்கினதும் அவர்தான். அமெரிக்காவில அவரின்ர கல்லறையில தமிழருக்கான வைத்திய சுவிசேஷகர் எண்டுதான் எழுதியிருக்கு. உங்கட குறூப்பில நேபாளி மொழியில தண்ணி கேக்கத் தெரிஞ்ச ஒரு பிள்ளை இருக்கோ?

நல்லூர்_வீதி
மாஸ்டர், நீங்கள் வைத்திய எண்ட சொல்லைப் பாக்கிறியள், நான் அதுக்குப் பக்கத்துச் சொல்லைப் பாக்கிறன் 🙂 நாவலர் பேர்சிவல் பாதிரியாரோட இருந்து பைபிளைத் தமிழாக்க உதவினவர், பிறகு 1848இல வண்ணார்பண்ணையில சைவப் பள்ளிக்கூடம் தொடங்கினதும் அவர்தான், ஏன் எண்டு உங்களுக்கே தெரியும். ஊரில போட்ட சண்டையை இஞ்ச போடேல்லை, விடுவம்.

ஆனா தங்கச்சி, அந்த வீடு வீடாச் சந்திப்பு 3 நாளை ஒருக்கா வடிவா யோசியுங்கோ. நேபாளத்தின்ர 2015 அரசியலமைப்பு 26ஆம் பிரிவிலயே மதம் மாத்திறதுக்குத் தடை. 2018 ஆகஸ்டில நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டம் 158ஆம் பிரிவில 5 வருசம் வரை மறியல், 50 ஆயிரம் நேபாள ரூபாய் வரை தண்டம், வெளிநாட்டுக்காரர் எண்டா தண்டனை முடிய 7 நாளுக்குள்ள நாட்டை விட்டு அனுப்பவேணும். சார்க் நாட்டுக்காரர் எண்டு எங்களுக்கு 30 நாள் விசா சும்மா கிடைக்கும், ஆனா அது சுத்திப் பாக்கிற விசா.

ஊழியக்காரன்
சும்மா பயமுறுத்தாதேங்கோ. சட்டத்துக்குப் பயந்திருந்தா யோசே வாஸ் 1687இல பிச்சைக்கார வேசத்தில யாழ்ப்பாணம் வந்திருப்பாரோ? ஒல்லாந்தன் பிடிச்சா முடிஞ்சுது எண்ட காலம்.

கொக்குவில்_சந்தி
தென்னிந்தியத் திருச்சபைக்காரர் கத்தோலிக்கப் புனிதரைத் துணைக்குக் கூப்பிடுற காலம் வந்திட்டுது, நல்லது. யோசே வாஸ் தன்ர உயிரை வைச்சு வந்தவர், சாகும்வரை இலங்கையிலதான். நீங்கள் வைக்கப் போறது அந்த ஊர்ப் பாஸ்டரின்ர கழுத்தை. பொலிஸ் வந்து விசாரிக்கிற நேரம் நீங்கள் பலாலி வீதியில கொத்து திண்டுகொண்டு நிப்பியள்.

ஊழியக்காரன்
அந்தப் பாஸ்டர்தானே எங்களைக் கூப்பிட்டவர்!

தாழையடியான்
நான் வாங்கின பக்கம் இருந்தனான், அதால கொஞ்சம் எழுதுறன், நீளம் எண்டா தாண்டிப் போங்கோ.

சுனாமிக்கு எனக்கு 9 வயசு. மாசி மாசம் போல முகாமுக்கு ஒரு வெள்ளைக்காரக் குறூப் வந்தது, மஞ்சள் ரீசேட், ஒரு கிழமை நிண்டவை. எங்களை வட்டமா இருத்தி ஒரு பாட்டுப் பழக்கினவை, ஆக்சன் சோங், கையால மீன் நீந்திறது மாதிரிக் காட்டி, பிறகு கடல் அலை மாதிரிக் காட்டி. கடல் அலை! எனக்குப் பக்கத்தில இருந்தவள் தம்பியைக் கடலுக்குக் குடுத்தவள், அவள் கையைத் தூக்கவே இல்லை, அப்ப ஒரு அக்கா வந்து அவளின்ர இரண்டு கையையும் பிடிச்சு அலை மாதிரி ஆட்டிவிட்டவ. அந்த அக்கா கெட்டவ இல்லை, எங்களோட மண்ணில குந்தியிருந்து சோறு திண்ட மனுசி, போற அண்டைக்கு அழுதவ. ஆனா அந்தப் பாட்டை இந்தப் பிள்ளையளுக்குப் பழக்கலாமோ எண்டு எங்கட அம்மாமாரில ஒராளிட்டயும் ஒருத்தரும் கேக்கேல்லை.

வைகாசியில இன்னொராள் வந்தார், அவரும் ஏதோ சேர்ச் மூலமாத்தான், தனிய. ஃபைபர் வேலை தெரிஞ்ச ஆள், உடைஞ்ச போட்டுகளைத் திருத்த வந்தவர். முதல் நாள் பகல் 11 மணிக்கு ரெசினைக் கலந்து தன்ர ஊர் அளவுக்கு ஹாட்னரை ஊத்திப்போட்டார், எங்கட வெயிலுக்கு அது வாளிக்குள்ளயே இறுகிப் புகைக்கத் தொடங்கிட்டுது. கரையில நிண்ட சனமெல்லாம் சிரிப்பு. அடுத்த நாள் விடியக் காலமை 5 மணிக்கு அப்பா போய் அவரைத் தட்டி எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்தார், ஹாட்னரையும் குறைச்சு விட்டினம், அண்டையில இருந்து வெயில் ஏற முதலே வேலை முடிஞ்சிடும். 4 மாசம் நிண்டவர். அவர் பிரசங்கம் ஏதும் வைச்சவரோ எண்டு போன கிழமையும் அப்பாட்டக் கேட்டன். தெரியாது, ஞாயிறு மட்டும் கையில பிரஸ் எடுக்கமாட்டான் எண்டார்.

தங்கச்சி போகவேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. முயலை வைச்சிட்டுப் போங்கோ.

பழைய_மிசி
மெடிக்கல் காம்ப் பற்றி நான் சொல்லோணும். 2012இல தமிழ்நாட்டில ஒரு கிராமத்துக்கு இப்பிடித்தான் ஒரு குறூப்போட போனனான். ஒரு நாளில 200 பேருக்குக் கிட்டப் பாத்தம், பெரிய சாதனை எண்டு நினைச்சம். ஒரு ஆச்சிக்குப் பிரசர் 180க்கு 110, 14 அம்லோடிபின் குளிசையை என்வலப்பில போட்டுக் குடுத்தன். ஆச்சி அதை எண்ணினா. எண்ணிப்போட்டு 15ஆம் நாள் எங்க வாறது எண்டு கேட்டா. அதுக்கு என்னட்ட மறுமொழி இருக்கேல்லை பிள்ளை.

நேபாளத்தில 1988இல இருந்து பெண் சுகாதாரத் தொண்டர் எண்டு ஒரு திட்டம் இருக்கு, அந்தந்த ஊர்ப் பொம்பிளையள், நாடு முழுக்க 50 ஆயிரத்துக்கு மேல. ஆருக்குப் பிரசர், ஆர் கர்ப்பிணி எண்டு அவைக்குத் தெரியும். அவையைக் கேக்காமல் காம்ப் போடாதேங்கோ. வெளிநாட்டு டொக்டர் எண்டா அங்கத்தைய மெடிக்கல் கவுன்சிலில தற்காலிகப் பதிவும் எடுக்கோணும், உங்கட ஆக்கள் எடுத்தவையோ?

ஸ்காபரோ_மாமா
லைனைக் கட் பண்ணுற பெரியம்மாவின்ர கட்சி நான் 😄 உண்மையாச் சொன்னா போட்டோ வராட்டி நாங்கள் காசு அனுப்பமாட்டம், அது எங்கட பிழை. இஞ்ச எங்கட சேர்ச்சும் வருசா வருசம் ஒரு நாட்டுக்குப் போகுது, போய் வந்த பிள்ளையளில இரண்டு பேர் பிறகு சோசல் வேர்க் படிச்சவை, மிச்சப் பேர் புரொஃபைல் போட்டோ மாத்தினவை. நான் இரண்டு பேரைப் பாத்தே திருப்திப்படுற ஆள்.

காத்மண்டு_ரிட்டேர்ன்
நான் அங்க ஒரு ஹோட்டலில 3 வருசம் கிச்சினில நிண்டனான். ஒருத்தரும் கவனிக்கேல்லைப் போல, தாளில ஞாயிறு காலமை சேர்ச் எண்டு இருக்கு. நேபாளத்தில ஆராதனை சனிக்கிழமை! காலங்காலமாச் சனிதான் அங்க லீவு, அதால சேர்ச்சும் சனி. ஞாயிறு போனா பூட்டின கதவுக்கு முன்னால முயல் ஆடலாம். பாஸ்டர் கூப்பிட்டவர் எண்டுறியள், அவரோட ஒரு பத்து நிமிசம் கதைச்சிருந்தாலே உது தெரிஞ்சிருக்கும், அப்ப உந்தத் தாளை ஆர் எழுதினது?

சிறுவர் இல்லம் இன்னும் மோசம். ஹும்லா எண்டு வடமேற்கு மூலையில ஒரு மாவட்டம், ரோட்டு வசதி குறைஞ்ச இடம். காத்மண்டுவில போடிங்கில விட்டுப் படிப்பிக்கிறம் எண்டு தாய் தகப்பனிட்டக் காசும் வாங்கிக்கொண்டு பிள்ளையளைக் கூட்டி வந்து, பேப்பரில அநாதை எண்டு எழுதி வைச்ச கதை அங்க எல்லாருக்கும் தெரியும். வெளிநாட்டுக் குறூப் வந்து போனாத்தான் இல்லத்துக்கு வருமானம், அதால பிள்ளை வீட்டுக்குப் போகாது. 2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு இதாலதான் அரசாங்கம் புது இல்லப் பதிவை நிப்பாட்டினது. 2018இல அவுஸ்திரேலியா இதை நவீன அடிமைத்தனக் கணக்கிலயே சேர்த்திட்டுது. எல்லா இல்லமும் இப்பிடி எண்டு சொல்லேல்லை. கேக்கவேண்டிய கேள்வி ஒண்டுதான், இந்தப் பிள்ளையளின்ர அம்மா அப்பா எங்க?

ஊழியக்காரன்
சனிக்கிழமை விசயம் எனக்கும் தெரியாது, ஒத்துக்கொள்ளுறன். தாளை நான்தான் ரைப் பண்ணினது. 😐 போன வருசம் வேற நாட்டுக்குப் போன தாளில பேரை மாத்தினனான்.

ஆனா இதுக்காக மிசன் எண்டாலே கள்ளம் எண்டு முடிக்காதேங்கோ. நேபாளத்திலயே 1954இல தொடங்கின ஐக்கிய நேபாள மிசன், மதம் மாத்தமாட்டம் எண்டு அரசாங்கத்தோட உடன்பட்டுத்தான் தான்சனில ஆஸ்பத்திரி நடத்தினது. அப்பிடியும் செய்யலாம்.

கொக்குவில்_சந்தி
அப்பிடிச் செய்யுங்கோ எண்டுதானே தம்பி நாங்களும் கத்திறம். அதுக்கு ஏன் 12 பேர்?

உடுவில்_தங்கச்சி
இவ்வளவு பேர் எழுதுவியள் எண்டு நினைக்கேல்லை. தாழையடி அண்ணை எழுதினதை வாசிச்சிட்டு பஸ்ஸில இருந்து அழுதிட்டன்.

சிலர் இன்பொக்ஸில கேட்டவை, நீ அங்க போய்க் கால் செய்து குடுக்கலாமே எண்டு. அது அவ்வளவு லேசில்லை. பிளாஸ்டரில அச்செடுத்து சொக்கற், அதுதான் வெட்டின கால் உள்ள போய் இருக்கிற கூடு, அதைச் செய்து போட்டு நடக்க வைக்கிறது ஒரு கிழமைக்குள்ள ஏலும், போட்டோவும் வடிவா வரும். ஆனா வெட்டின கால் முதல் வருசத்தில சுருங்கிக்கொண்டே போகும், சொக்கற் லூசாகும், ஒரு சொக்ஸ் போட்ட இடத்தில இரண்டு போடோணும், பேந்து மூண்டு, ஒருநாள் அதுவும் காணாது, புதுச் சொக்கற்தான். எங்களிட்ட ஒரு ஐயா இருக்கிறார், கிளிநொச்சியில இருந்து பஸ்ஸில வாறவர், புண் வந்தா காலைக் கழட்டி மடியில வைச்சுக்கொண்டு வாசல் வாங்கில இருப்பார், என்னைக் கண்ட உடன காலை நீட்டுவார், கதையே இல்லை. நான் 12 நாளில கால் போட்டுவிட்டு வந்தா அங்க அப்பிடி ஒருத்தர் ஆரிட்டக் காலை நீட்டுவார்? அப்ப மிசி அம்மா சொன்ன ஆச்சியின்ர 15ஆம் நாள் மாதிரித்தான் அதுவும்.

நேற்று எங்கட பாஸ்டரோட கதைச்சன். முதல் கொஞ்சம் கோவிச்சவர், ஆர் உனக்கு உதெல்லாம் சொல்லித் தந்தது எண்டு. பிறகு அவரே நேபாளப் பாஸ்டருக்கு வட்சப் எடுத்தவர், ஸ்பீக்கரில போட்டவர். சிறுவர் இல்லம் அவர் சொன்ன இடமே இல்லை, இடையில ட்ரிப் ஒழுங்கு செய்யிற ஒரு ஆள் போட்டது. பிள்ளையளின்ர தாய் தகப்பன் பற்றிக் கேட்டதுக்கு விசாரிச்சுச் சொல்லுறன் எண்டார். வீடு வீடாப் போறது வேண்டவே வேண்டாம், நீங்கள் போனாப் பிறகு எனக்குத்தான் தொல்லை எண்டு அவரே சொன்னவர், இவ்வளவு நாளும் சொல்ல வெக்கமா இருந்ததாம், விருந்தாளியளுக்கு எப்பிடிச் சொல்லுறது எண்டு. அவற்ர சபையில நிலநடுக்கத்தில கால் போன ஒரு அக்கா இருக்கிறா, கால் இருக்கு, ஆனா போடுறேல்லையாம், குத்துதாம், கட்டிலுக்குக் கீழ வைச்சிருக்கிறாவாம். அதை ஒருக்காப் பாத்துச் சொல்லுவியளோ, கிட்ட எந்த நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போறது எண்டு கேட்டவர். அது ஒண்டுதான் அவரா என்னட்டக் கேட்டது.

பழைய_மிசி
அப்ப போறியோ பிள்ளை?

உடுவில்_தங்கச்சி
இன்னும் முடிவில்லை மிசி அம்மா. சிறுவர் இல்லத்தை எடுத்தாச்சு, வீடு சந்திப்பையும் எடுத்தாச்சு, மெடிக்கல் காம்ப் இழுபறியில நிக்குது. உதெல்லாம் இல்லாட்டி என்னத்துக்கு எண்டு 12இல 5 பேர் பேரை வெட்டச் சொல்லிட்டினம். அந்த அக்காவின்ர காலை எல்லாப் பக்கத்தாலயும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறன், பாத்திட்டுத்தான் காசு கட்டுறதோ எண்டு யோசிக்கோணும். சில நேரம் போகாமலே சொல்லக்கூடியதா இருக்கும்.

காத்மண்டு_ரிட்டேர்ன்
சேர்ச்சைச் சனிக்கு மாத்தினதோ?

ஊழியக்காரன்
மாத்தியாச்சு, மாத்தியாச்சு.