லண்டனில் ஆர்சனல் கால்பந்து அணியின் பழைய ஹைபரி மைதானம்: போனவர்கள், பார்த்தவர்கள் எழுதுங்கள்

தேம்ஸ்கரை:
போன மாதம் பார்சல் கொடுக்கப் போனேன். முகவரியில் ஹைபரி ஸ்கொயர் என்று இருந்தும் மண்டையில் உறைக்கவில்லை. உள்ளே நுழைந்தால் நான்கு பக்கமும் வீடுகள், நடுவே தோட்டம். அப்போதுதான் உறைத்தது, ஆர்சனல் வீரர் ஹென்றி ஓடிய இடம் இது! பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். கோலுக்குப் பின்னால் ரசிகர்கள் நிற்கும் நார்த் பேங்க் ஸ்டாண்ட் இருந்த பக்கம் கை காட்டி, "நான் அங்கேதான் நிற்பேன்" என்றார். அங்கே இப்போது ஒரு பால்கனி, அதில் குழந்தை சைக்கிள். அடுத்த டெலிவரிக்கு நேரமாகிவிட்டது என்று தலையாட்டிவிட்டு ஓடிவந்துவிட்டேன். எந்த வருடம், யார் ஆடினார்கள், ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் உறுத்துகிறது.

பத்தொன்பதாம் நிமிடம்:
நான் டிவியில் பார்த்ததோடு சரி. 2006 மே 7, விகன் அணியோடு அங்கே கடைசி மேட்ச். ஒரு கட்டத்தில் 2-1 என்று நாம் பின்தங்கினோம். ஹென்றி மூன்று கோல் போட்டு 4-2 ஆனது. மூன்றாவது, பெனால்டி. அடித்துவிட்டு மண்டியிட்டு புல்லை முத்தமிட்டார். ஃபுட்பாலே பார்க்காத என் அப்பா அந்த நேரம் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். அந்த இடத்தை மொத்தமாக இடித்து வீடு கட்டியது எனக்கு ஆறவே இல்லை.

அவனல் ரோடு:
மொத்தமாக இடிக்கவில்லை தம்பி. போனது நார்த் பேங்கும், எதிர்க்கோடியில் கடிகாரம் இருந்த கிளாக் எண்டும்தான். 1936-இல் திறந்த கிழக்கு ஸ்டாண்ட் பாதுகாக்கப்பட்ட கட்டடம், அதன் முகப்பு அப்படியே நிற்கிறது. மேற்கு ஸ்டாண்டின் முகப்பையும் விட்டுவைத்தார்கள். நான் முதல்முறை போனபோது மழை, அந்த வெள்ளைச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினேன், அவ்வளவுதான்.

போக நினைப்பவர்கள் ஆர்சனல் ஸ்டேஷனில் இறங்குங்கள். பிளாட்பாரச் சுவர் ஓடுகளில் கில்லெஸ்பி ரோடு என்ற பழைய பெயர் இன்னும் இருக்கும், 1932-இல்தான் பெயரை மாற்றினார்கள். அதைப் பார்க்காமல் மேலே ஏறாதீர்கள். அப்புறம் நேரே அவனல் ரோடு. தோட்டம் குடியிருப்பவர்களுக்கானது, யார் பின்னாலும் நுழைந்துவிடாதீர்கள். தெருவில் எதிர்ப்பக்கம் நின்று அண்ணாந்து பார்த்தால் முகப்பு முழுதாகத் தெரியும். முடித்துவிட்டு ஆர்சனலின் புது மைதானமான எமிரேட்ஸ் வரை நடந்து போங்கள், பழைய கடிகாரம் அங்கே வெளிப்புறம் இருக்கிறது. மேட்ச் நாளில் மட்டும் வேண்டாம், நிற்க விடமாட்டார்கள்.

பழைய நார்த்பேங்க்:
தேம்ஸ்கரை, அந்தப் பெரியவரைப் போல நானும் அங்கே நின்றவன். 1992-இல் நின்று பார்க்கும் படிக்கட்டை இடித்து நாற்காலி ஸ்டாண்ட் கட்டினார்கள். கட்டி முடியும்வரை கோலுக்குப் பின்னால் ரசிகர் கூட்டத்தை வரைந்த பெரிய திரை. அந்த சீசன் முதல் மேட்ச் நார்விச் அணியோடு. 2-0 என்று முன்னால் இருந்து 4-2 தோற்றோம். நான் பார்த்தது கோலை அல்ல, திரையை. ஆயிரக்கணக்கான முகம், ஒன்றும் சத்தம் போடவில்லை. ஒரு பந்து மேலே பறந்துபோய் வரைந்த முகங்களில் மோதி, கீழே விழுந்து உருண்டது. எடுத்து எறிய அங்கே யாரும் இல்லை.