செல்லுலோஸ் 1-பீட்டா: அடுக்குகளுக்கு நடுவே ஹைட்ரஜன் பிணைப்பு ஏன் காட்டவில்லை?

கேள்வி:
2002-இல் நிஷியாமா, லாங்கன், சான்சி வெளியிட்ட செல்லுலோஸ் 1-பீட்டா (பஞ்சு போன்ற தாவரச் செல்லுலோஸின் இயற்கைப் படிக வடிவம்) அமைப்புக் கோப்பைத் திறந்து பார்க்கிறேன். ஒரே அடுக்குக்குள் பிணைப்புகள் தெரிகின்றன, அடுக்குகளுக்கு நடுவே ஒன்றுகூட இல்லை. ஓ2, ஓ6 (குளுக்கோஸ் அலகின் 2, 6-ஆம் கார்பனோடு சேர்ந்த ஆக்சிஜன்கள்) ஹைட்ரஜன்கள் இரண்டிரண்டு இடத்தில் நிற்கின்றன. கோப்பில் பிழையா?

பதில் 1:
பிழை இல்லை, அமைப்பே அதுதான். சங்கிலிக்குள் ஓ3-ஹெச்···ஓ5 உறுதியானது. ஆக்சிஜன்களுக்கு இடையே சுமார் 2.7–2.8 ஆங்ஸ்ட்ராம். பக்கத்துச் சங்கிலியை ஓ6-ஹெச்···ஓ3 பிடிக்கிறது. அடுக்கின் மேல் அடுக்கு நிற்பது வான்டர்வால்ஸ் விசையாலும் வலுக்குறைந்த சி-ஹெச்···ஓ தொடர்புகளாலும். செல்லுலோஸ் நீரில் கரையாததற்கு ஹைட்ரஜன் பிணைப்பை மட்டும் காரணம் காட்டும் பாடநூல் விளக்கம் இங்கேதான் இடறுகிறது.

இரட்டை இடங்கள் ஏ, பி என்ற இரு ஹைட்ரஜன் பிணைப்பு வலைகள். ஏ-யில் ஓ2 ஹைட்ரஜனைக் கொடுக்கும், ஓ6 வாங்கும். பி-யில் திசை மாறும். ஏ-யின் பங்குதான் அதிகம். கணக்கீட்டுக்கு முன் ஏதாவது ஒரு வலையை முழுசாக நீக்குங்கள். இரண்டையும் விட்டால் ஒரே ஆக்சிஜனில் இரண்டு ஹைட்ரஜன் ஒட்டி, ஆற்றல் தாறுமாறாக ஏறும்.

பதில் 2:
எக்ஸ்-கதிருக்கு ஹைட்ரஜன் கிட்டத்தட்ட தெரியாது. அதனிடம் இருப்பது ஒரே எலக்ட்ரான். அதனால்தான் அந்த ஆய்வுக்கு நியூட்ரானும் தேவைப்பட்டது. ஹைட்ரஜனின் சிதறல் நீளம் (நியூட்ரானை எப்படிச் சிதறடிக்கும் என்ற அளவு) −3.74, டியூட்டீரியத்துக்கு (கனத்த ஹைட்ரஜன்) +6.67 ஃபெம்டோமீட்டர். ஹைட்ராக்சில்களை டியூட்டீரியமாக மாற்றி, மாற்றும் முன்னும் பின்னும் எடுத்த இரண்டு தரவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால் இடம் பளிச்சென்று தெரியும்.

கேட்டவர்:
நன்றி. பஞ்சை 12% காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து செல்லுலோஸ் 2 (காரத்தில் ஊறினால் வரும் வேறு படிக வடிவம்) ஆக்கப் பார்த்தேன். எக்ஸ்ஆர்டி-யில் (எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு அளவீடு) செல்லுலோஸ் 1-இன் 22.7 டிகிரி சிகரம் போகவில்லை, 20 பக்கம் மேடு. மாறியதா?

பதில் 2:
12% போதாது, பாதியில் நின்றிருக்கும். 18 கிராம் காஸ்டிக்கை 82 கிராம் நீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையுங்கள் (நன்றாகச் சூடேறும், பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அவசியம்). அறை வெப்பத்துக்கு ஆறியதும் 1 கிராம் பஞ்சுக்கு 25–30 மில்லி, ஒரு மணி நேரம். நூலாக இருந்தால் இழுத்துக் கட்டாதீர்கள், இழுவிசை மாற்றத்தைத் தடுக்கும். காரம் போகும்வரை அலசி, நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் ஒருமுறை, மறுபடி நீர். அலசல் குறைந்தால் சோடியம் கார்பனேட் உருவாகிக் கூர்மையான வேற்றுச் சிகரங்களைக் காட்டும்.

தாமிர கே-ஆல்ஃபாவில் (எக்ஸ்ஆர்டி கருவியின் வழக்கமான எக்ஸ்-கதிர்) 20 டிகிரியை நம்ப வேண்டாம், படிகமற்ற பகுதியின் மேடும் அங்கேதான் விழும். 12.1 டிகிரியைப் பாருங்கள். செல்லுலோஸ் 1-க்கு அங்கே சிகரமே கிடையாது. அளவீட்டுக்கு இழையைப் பொடியாக வெட்டிப் போடுங்கள். பந்து ஆலையில் (பந்துகளால் அரைக்கும் எந்திரம்) நேரம் கூடினால் படிகமே சிதைந்துவிடும்.

பதில் 1:
செல்லுலோஸ் 2-இல் சங்கிலிகள் எதிரெதிர்த் திசையில் ஓடும். ஓ2-ஹெச்···ஓ2 போன்ற பிணைப்புகள் அடுக்குகளுக்கு நடுவேயும் வரும். அந்தக் கோப்பையும் பக்கத்தில் திறந்து ஒப்பிடுங்கள்.