ஹால் கணப்பில் புகை உள்ளே வருகிறது, சூடும் இல்லை. டிசைனை மாற்ற வேண்டுமா? அவசரம்

சாம்பல்வீடு · வெள்ளி, இரவு 9.12

நண்பர்களே, அவசரமாக ஓர் உதவி. எங்கள் ஹாலில் பயர்பிளேஸ் இருக்கிறது. மூட்டினால் பாதிப் புகை வீட்டுக்குள்ளேயே வருகிறது. கண் எரிகிறது, திரைச்சீலை எல்லாம் புகை நாற்றம். நன்றாக எரியும்போதும் நாலடி தள்ளி உட்கார்ந்தால் சூடு தெரிவதில்லை. விறகு மட்டும் மூட்டை மூட்டையாகப் போகிறது. சிம்னி மேலே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தால் சரியாகுமா? இல்லை, இடித்துவிட்டு வேறு டிசைனில் கட்டணுமா? அடுத்த வாரம் மதுரையிலிருந்து அம்மா அப்பா வருகிறார்கள், அதற்குள் முடிக்க வேண்டும்.

பனிமூட்டம் · இரவு 9.20

எந்த ஊர்? ஊட்டியா, கொடைக்கானலா, வெளிநாடா? அதைச் சொல்லாமல் எப்படிப் பதில் எழுதுவது?

கற்பூரமரம் · இரவு 9.31

விறகு ஈரம். வேறு எதுவும் இல்லை. கடையில் அன்றைக்கு வாங்கி அன்றைக்கே போட்டால் இப்படித்தான் ஆகும். சீகையோ கற்பூர மரமோ, பிளந்து கூரைக்கடியில் அடுக்கி ஆறு மாதமாவது காற்றாட வைக்கணும். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் விறகு விறகாக எரியும். இல்லையென்றால் சூட்டில் ஒரு பகுதி தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிவிடும். இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள், கணீர் என்று சத்தம் வந்தால் காய்ந்த விறகு.

டொரான்டோ_சிவா · இரவு 9.38

குருவிக் கூடு அடைத்திருக்கும். இங்கே எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. ஆளைக் கூப்பிட்டுச் சிம்னியைத் துடைக்கச் சொல்லுங்கள். கரி படிந்தால் உள்ளேயே தீப்பிடிக்கவும் செய்யும், வருடத்துக்கு ஒரு முறையாவது துடைக்கத்தான் வேண்டும்.

சுண்ணாம்புக்காரை · இரவு 10.05

தம்பி, முதலில் கேள்வி கேட்கப் பழக வேண்டும். முப்பத்தைந்து வருடம் கட்டட வேலையில் இருந்தவன் சொல்கிறேன். அளவு இல்லாமல் கணப்பைப் பற்றிப் பேசுவது, உயரமும் எடையும் தெரியாமல் சட்டை தைப்பது மாதிரி. வாய் எத்தனை அங்குல அகலம், எத்தனை உயரம்? உள்ளே எத்தனை ஆழம்? புகைக்குழாயின் உள்ளளவு என்ன? தீ மூட்டும் தரையிலிருந்து சிம்னி உச்சி எத்தனை அடி? கூரை முகட்டுக்கு மேலே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது? இவ்வளவும் எழுதிவிட்டு வாருங்கள். ஃபேன் யோசனையை இப்போதே மறந்துவிடுங்கள். சூட்டில் மோட்டார் கருகும், கரண்ட் போனால் மொத்தப் புகையும் உள்ளேதான்.

சாம்பல்வீடு · இரவு 10.22

மன்னிக்கவும் ஐயா, அவசரத்தில் எழுதிவிட்டேன். ஊர் கோத்தகிரி. பழைய பங்களா, மாமனார் வாங்கியது. வாய் 48 அங்குல அகலம், 42 அங்குல உயரம். ஆழம் 26. குழாய் 9க்கு 9. சிம்னி மொத்தம் 18 அடி இருக்கும், முகட்டைத் தாண்டி மூன்றடிக்கு மேல். பக்கத்தில் உயரமாக மரமோ கட்டடமோ இல்லை. போன மாதம்தான் துடைத்தோம், கூடு எதுவும் இல்லை. விறகு காய்ந்ததுதான், சீகை.

சுண்ணாம்புக்காரை · இரவு 10.41

48ஐ 42ஆல் பெருக்கினால் 2016 சதுர அங்குலம். குழாய் 81. சுமார் இருபத்தைந்தில் ஒரு பங்குதான். வாயின் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது புகைக்குழாய் இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பாலபாடம். பங்களா கட்டினவன் இப்படிக் கட்டியிருக்கவே மாட்டான். யார் கை வைத்தது?

சாம்பல்வீடு · இரவு 10.50

ஆமாம் ஐயா, போன வருடம் ரெனவேஷன் செய்தோம். முன்பு சின்னதாக இருந்தது, அகலம் 30, உயரம் 28 என்று நினைவு. இரண்டு பக்கச் சுவரும் உள்ளே கோணலாகச் சாய்ந்து போகும், பார்க்க நன்றாக இல்லை என்று கான்ட்ராக்டர் இடித்து, நேராகப் பெட்டி மாதிரி ஆக்கி கிரானைட் ஒட்டினார். அதெல்லாம் அழகுக்குத்தானே என்று இங்கே எழுதவில்லை.

நுவரெலியா_மலர் · இரவு 11.02

ஐயோ தம்பி, அந்தக் கோணல்தான் கணப்பின் உயிரே. நான் நுவரெலியாவில் பிறந்து வளர்ந்தவள். அப்பா தோட்டத்துப் பங்களாவில் மேசன் வேலை செய்தவர், கணப்புப் பழுதுபார்க்கப் போகும்போது என்னையும் கூட்டிப் போவார்.

1796இல் ரம்ஃபோர்டு பிரபு என்பவர் இதைப் பற்றி எழுதினார். இயற்பெயர் பெஞ்சமின் தாம்சன், அமெரிக்காவில் பிறந்து பவேரியாவில் வேலை பார்த்து லண்டனுக்கு வந்தவர். அந்தக் காலத்து லண்டன் வீடுகளில் கணப்பு பெரிய குகை மாதிரி இருக்கும், புகையும் உள்ளே வரும், சூடும் மேலே போகும். உங்கள் வீட்டில் இப்போது நடப்பதேதான். அவர் செய்த மாற்றம் மூன்று. ஆழத்தைக் குறைத்துத் தீயை முன்னால் கொண்டுவந்தார். பக்கச் சுவர்களை 45 பாகை சாய்த்தார். தீக்கு மேலே புகை நுழையும் தொண்டையை நாலு அங்குலமாக ஒடுக்கினார்.

திறந்த தீயிலிருந்து அறைக்கு வருவது வெறும் கதிர்ச்சூடு, வெயிலில் முகம் சுடுகிற மாதிரி. சூடான காற்று முழுக்கச் சிம்னி வழியே போய்விடும். சாய்ந்த சுவர் அந்தக் கதிரை அறைப் பக்கம் திருப்பிவிடும். 26 அங்குல ஆழத்தில், நேர்ச் சுவருக்கு நடுவே தீ எரிந்தால் சுவரும் சுவரும்தான் ஒன்றையொன்று சூடாக்கிக்கொள்ளும். அப்பா பக்கச் சுவருக்கு வருடா வருடம் வெள்ளை அடிப்பார். கரி பிடித்துவிடுமே என்று கேட்டால், வெள்ளையாக இருக்கும் வரைக்கும் லாபம்தானே என்பார். ரம்ஃபோர்டும் வெள்ளையடிக்கத்தான் சொன்னார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

லான்ஸ்நாயக்_மணி · இரவு 11.15

இவ்வளவு தலைவலி எதற்கு? திறந்த கணப்பே வீண். காஷ்மீரில் இரண்டு குளிர்காலம் இருந்தவன் நான். அங்கே புகாரிதான். இரும்பு டிரம், மூடி, மேலே குழாய், அவ்வளவுதான். நாலு கட்டையில் ராணுவ வீரர்கள் தங்கும் பேரக்கே சூடாகிவிடும். அந்த ஓட்டையைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு முன்னால் ஒரு புகாரி வையுங்கள்.

சுண்ணாம்புக்காரை · இரவு 11.24

புகாரி பேரக்குக்குச் சரி. நூறு வருடப் பங்களாவின் கணப்பை அடைத்து டிரம் வைப்பது பாவம். வெள்ளைக்காரன் கணக்குப் போட்டுக் கட்டியதை ஒருத்தர் கெடுத்தார், நீங்கள் மிச்சத்தையும் கெடுக்கச் சொல்கிறீர்கள்.

லான்ஸ்நாயக்_மணி · இரவு 11.30

பாவ புண்ணியம் வேறு ஐயா, சூடு வேறு. திறந்த கணப்பில் விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்கு அறைக்கு வந்தாலே பெரிய விஷயம். மூடிய நல்ல அடுப்பில் பாதிக்கு மேலே வரும். ஃபிராங்க்ளின் 1740களிலேயே இரும்பு அடுப்பு செய்தது எதற்காக? பிலடெல்பியாவில் விறகு விலை ஏறிவிட்டது என்றுதான். காப்புரிமைகூட வேண்டாம் என்று ஊருக்கே கொடுத்தார்.

சுண்ணாம்புக்காரை · இரவு 11.43

ஃபிராங்க்ளின் அடுப்பைச் சொன்னால் முழுதாகச் சொல்லுங்கள். புகையைத் தரைக்குக் கீழே இறக்கி மறுபடி ஏற்றும் அமைப்பு அது. குழாய் சூடாகும் வரை புகை இறங்காது, தீயும் அணைந்துபோகும். அப்புறம் வந்தவர்கள் அந்தப் பாதையையே மாற்றித்தான் பயன்படுத்தினார்கள். பெரிய மனிதர் செய்தார் என்பதற்காக எல்லாம் வேலை செய்துவிடாது.

கற்பூரமரம் · இரவு 11.50

இரண்டு பேரும் சண்டையை நிறுத்துங்கள். புகாரியோ கணப்போ, விறகு காயவில்லை என்றால் எதுவும் உதவாது. இதை நான் விடமாட்டேன்.

பனிமூட்டம் · சனி, காலை 7.10

ரெனவேஷன் என்றால் ஜன்னலையும் மாற்றினீர்களா? சமையலறையில் சிம்னி வைத்தீர்களா? எந்த நேரத்தில் புகை அதிகம்?

சாம்பல்வீடு · காலை 8.02

ஆமாம், பழைய மர ஜன்னலில் காற்று வந்துகொண்டே இருக்கும், எல்லாவற்றையும் யுபிவிசி பிளாஸ்டிக் ஜன்னல் ஆக்கிவிட்டோம். இப்போது ஒரு பொட்டுக் காற்று நுழையாது. சமையலறையில் பெரிய சிம்னி இருக்கிறது. ஆமாம், ஏழு மணிக்கு மேல் தோசை ஊற்றும்போதுதான் ஹாலில் புகை அதிகம்! ராத்திரி பிரச்சினை இல்லை. தணலானதும் புகை நின்றுவிடும். குளிர் இறங்காமல் இருக்கச் சிம்னிக்குள் கான்ட்ராக்டர் வைத்த இரும்புத் தகட்டை மூடிவிட்டு, எல்லோரும் ஹாலிலேயே படுத்துக்கொள்வோம். காலையில் பாப்பாவுக்குக் கொஞ்சம் தலைவலி, குளிரினால் என்று நினைக்கிறேன்.

பனிமூட்டம் · காலை 8.06

தயவுசெய்து இதை உடனே படியுங்கள். இன்று இரவு அந்தக் கணப்பை மூட்டாதீர்கள்.

தணலில் புகை இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று அர்த்தம் இல்லை. தணல்தான் கார்பன் மோனாக்சைடை நிறைய விடும். அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. தகட்டை மூடிவிட்டால் அது போக வேறு வழியே இல்லை, ஜன்னலும் இறுக்கம். தலைவலிதான் முதல் அடையாளம். அப்புறம் குமட்டல், மயக்கம், தூக்கத்திலேயே உயிர் போய்விடும். மலை ஊர்களில் மூடிய அறையில் கரியடுப்பு வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழாமல் போனது உண்டு. பாப்பாவை முதலில் வெளிக்காற்றுக்குக் கூட்டிப் போங்கள். தணலோடு தூங்கியதையும் சொல்லி இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். உங்கள் இருவருக்கும் தலை கனமாக இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

நுவரெலியா_மலர் · காலை 8.15

இவர் சொல்வதை அப்படியே செய்யுங்கள் தம்பி. சாம்பல் கையால் தொட்டுப் பார்க்கும் அளவுக்கு ஆறாமல் தகட்டை மூடவே கூடாது. படுக்கையை வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள்.

சுண்ணாம்புக்காரை · காலை 8.40

பாப்பா விஷயம்தான் முதல். அளவிலேயே கண்ணாக இருந்து இதைக் கேட்காமல் விட்டது என் தவறு.

டாக்டரைப் பார்த்துவிட்டு, பகலில் மட்டும், ஆட்கள் விழித்திருக்கும்போது இந்தச் சோதனையைச் செய்யுங்கள். முதலில் ஹால் ஜன்னலை இரண்டு அங்குலம் திறந்து, சமையலறைச் சிம்னியை நிறுத்திவிட்டுச் சின்னத் தீ மூட்டுங்கள். சிம்னி வழியே போகும் காற்றுக்குப் பதில் காற்று எங்கிருந்தாவது வீட்டுக்குள் வர வேண்டும். வழி இல்லையென்றால் சமையலறை ஃபேன் இந்தச் சிம்னி வழியாகவே காற்றைக் கீழே இழுக்கும், புகையும் கூடவே வரும்.

அப்புறம் இரண்டு பக்கமும் ஒன்பது ஒன்பது அங்குலத்துக்குச் செங்கல்லைக் கலவை இல்லாமல் வெறுமனே அடுக்குங்கள். மேலே ஒரு தகரத்தை வைத்து உயரத்தை 28 ஆக்குங்கள். 30ஐ 28ஆல் பெருக்கினால் 840, குழாய் 81. பத்தில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். பழைய அளவு எவ்வளவு சரியாகப் பொருந்துகிறது பாருங்கள், அதனால்தான் வெள்ளைக்காரன் கணக்கு என்றேன். கோத்தகிரி உயரத்தில் காற்று கொஞ்சம் லேசு, சிம்னியின் இழுவையும் அந்த அளவுக்குக் குறையும். ஆகவே வாயை இன்னும் சிறிதாக்கினாலும் தப்பில்லை, பெரிதாக்கவே கூடாது.

சாம்பல்வீடு · மாலை 5.48

டாக்டரிடம் போய் வந்தோம், பாப்பா நன்றாக இருக்கிறாள். இரண்டு நாள் ஓய்வு சொன்னார். சோதனை செய்தோம். ஜன்னல் திறந்து சமையலறைச் சிம்னியை நிறுத்தியதும் புகை பாதியானது. செங்கல்லும் தகரமும் வைத்த பிறகு துளி இல்லை. தகரத்தை எடுத்தால் உடனே வருகிறது, வைத்தால் நின்றுவிடுகிறது. நாலு தடவை செய்து பார்த்தேன்.

நுவரெலியா_மலர் · இரவு 7.05

நல்ல செய்தி! அப்படியானால் இடித்ததை மறுபடி கட்ட வேண்டியதுதான். ரம்ஃபோர்டு கணக்கில் பின்சுவர் வாயின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு, ஆழமும் அதே அளவு. உங்களுக்குப் பத்து வரும். விறகு நீளம் என்றால் 12 வரை போகலாம். தொண்டை நாலு அங்குலம், தீக்கு நேர் மேலே வர வேண்டும், அதன் முன்பக்க விளிம்பை உருட்டி வழவழப்பாகப் பூசச் சொல்லுங்கள். சூடு தாங்கும் செங்கல், அதாவது ஃபயர் பிரிக், கிடைத்தால் அதுதான்; கலவைக்குச் சூடு தாங்கும் களிமண், ஃபயர் கிளே. கொத்தனாருக்குப் படம் வரைந்து கொடுங்கள், வாயால் சொன்னால் மறுபடி நேராகக் கட்டிவிடுவார். கட்டியதும் பெரிய தீ வேண்டாம், கலவை வெடித்துவிடும். ஒரு வாரம் சுள்ளித் தீ போதும்.

லான்ஸ்நாயக்_மணி · இரவு 7.30

பாப்பா நலம் என்றதும் நிம்மதி. புகாரி பற்றி நான் சொன்னதில் மாற்றம் இல்லை. ஆனால் அதற்கும் குழாயும் காற்று வழியும் சரியாக இருக்கணும், முகாமில் அதைத் தினமும் சோதிப்போம். ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்கி வைத்துவிடுங்கள் தம்பி.

சுண்ணாம்புக்காரை · இரவு 7.52

மணி சொல்வதை ஏற்கிறேன். அந்த இரும்புத் தகட்டை மூடவே முடியாதபடி கொத்தனாரை வைத்து ஒரு துளை போடச் சொல்லுங்கள். ஜன்னல் சட்டத்திலும் திறந்து மூடுகிற ஒரு காற்று வழி வையுங்கள்.

சாம்பல்வீடு · வியாழன், இரவு 10.14

கட்டி முடிந்தது. கிரானைட் போய்விட்டது. அகலம் 30, உயரம் 28, பின்சுவர் 12. சுள்ளித் தீதான் மூட்டுகிறோம், நாலடி தள்ளி உட்கார்ந்தாலே முழங்கால் சுடுகிறது. அலாரம் மாட்டியாயிற்று. அம்மா அப்பா வந்துவிட்டார்கள், அப்புறம் எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

ஏலக்காய்_தோட்டம் · மறுநாள், காலை 6.30

சாம்பல்வீடு அண்ணா, தொண்டை கட்டியதை உள்ளிருந்து ஒரு படம் எடுத்துப் போட முடியுமா? எங்கள் வீட்டிலும் சுவரை நேராக்கிவிட்டார்கள். அளவு 40க்கு 36, குழாய் 9க்கு 9.